தொட்டது அவர், பெருந்தன்மை மட்டும் நான் காட்டணுமா?

போன மாசம் அவினாசி ரோட்டுல ஒரு காலேஜ்ல இன்டர்-காலேஜ் செஸ் போட்டி. ரேபிட் ஆட்டம். ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 விநாடி கூடுதல். மூணாவது ரவுண்டுல என் பக்கத்து டேபிள்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஆடிட்டு இருந்துச்சு. எதிர்ல இருந்தவர் தன் ராஜாவுக்கு செக் இருக்கறதைக் கவனிக்காம வேற ஏதோ காயை நகர்த்தி கிளாக்கை அமுக்கிட்டார். அந்தப் பொண்ணு கிளாக்கை நிறுத்திட்டுக் கையைத் தூக்குச்சு. ஆர்பிட்டர் வந்தார், பார்த்தார், காயைப் பழைய இடத்துல வைக்கச் சொன்னார், பொண்ணோட கிளாக்குல ரெண்டு நிமிஷம் சேர்த்தார், போயிட்டார். மொத்தமே ஒரு நிமிஷ வேலை. ஆட்டம் தொடர்ந்துச்சு, கடைசியில பொண்ணு ஜெயிச்சுது.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில நிக்கறப்ப காதுல விழுந்தது: "ரூல் பேசியே ஜெயிச்சிருச்சுப்பா." இன்னொருத்தர்: "ஒரு தடவை விட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அதுல ரெண்டு பேர் என் டீம்காரங்க, தினமும் ஒரே பஸ்ல வர்றவங்க. அதனாலதான் இதை எழுதறேன். தப்பு மூவ் வெச்சது ஒருத்தர். கெட்ட பேர் வாங்கினது இன்னொருத்தர். இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் போட்டாலும் டேலி ஆகலை. (பி.காம் படிக்கறவன் வேற எப்படிச் சொல்லுவான்!)

அன்னைக்கே சாயந்திரம் எனக்கு நடந்ததையும் சொல்லிடறேன். கடைசி ரவுண்டு, நாலாவது போர்டு. எதிர்ல வேற காலேஜ் எம்.பி.ஏ. அண்ணா ஒருத்தர். ஆட்டம் சமமா போயிட்டு இருந்துச்சு. அவர் பிஷப்பைக் கையில எடுத்தார், அஞ்சாறு விநாடி வெச்சுட்டு யோசிச்சார், திரும்ப அதே கட்டத்துல வெச்சுட்டு யானையை நகர்த்திட்டார். "சாரிங்க தம்பி"ன்னு ஒரு சிரிப்பு வேற. கிளாக்கை அமுக்கினார்.

செஸ் ஆடாதவங்களுக்கு: நகர்த்தற எண்ணத்தோட ஒரு காயைத் தொட்டா அதைத்தான் நகர்த்தணும். இதுக்குப் பேரு டச் மூவ். காய் கட்டத்துல கோணலா இருக்கு, சரி பண்றேன்னா தொடறதுக்கு முன்னாடியே "அட்ஜஸ்ட்"ன்னு சொல்லணும். கையில எடுத்து அஞ்சு விநாடி வெச்சிருந்ததை யாரும் கோணல் சரி பண்ணினதா சொல்ல முடியாது.

நான் கையைத் தூக்கலை. அண்ணா வயசுல பெரியவர். பின்னாடி பத்து பேர் நின்னு வேடிக்கை பார்த்துட்டு இருந்தாங்க. மத்தியானம் கேட்ட "ரூல் பேசியே ஜெயிச்சிருச்சுப்பா" வேற மண்டைக்குள்ள ஓடுச்சு. சரி போகட்டும்னு என் குதிரையை எடுத்து வெச்சேன். மூணு மூவ் கழிச்சுத்தான் உறைச்சுது. அப்ப அந்த பிஷப் எங்க போயிருந்தாலும் அவருக்கு ஒரு யானை போயிருக்கும். உடனே கையைத் தூக்கினேன். ஆர்பிட்டர் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்: "தம்பி, அப்பவே கேட்டிருக்கோணும். நீ உன் காயைத் தொட்டப்பவே அந்த உரிமை போச்சு."

தோத்தேன். அரைப் புள்ளியில எங்க டீமுக்கு ரெண்டாவது இடம். வெளிய பேக்கரியில டீ குடிக்கறப்ப எல்லாரும் முதுகுல தட்டி, "விட்றா, பெருந்தன்மையா நடந்துக்கிட்ட"ன்னாங்க.

இல்லைங்க. அது பெருந்தன்மையே இல்லை. பயம். நாலு பேர் என்ன சொல்லுவாங்களோங்கற பயம். அதுக்குப் பெருந்தன்மைன்னு பேர் வெச்சா, நிஜமான பெருந்தன்மைக்கு என்ன பேர் வைக்கறது?

ஆர்பிட்டர் சொன்னது சரி

ரெண்டு நாள் அவர் மேல கோபமா இருந்தேன். அப்புறம் ஃபிடே விதிகளை எடுத்துப் படிச்சேன். 4.8-ல தெளிவா இருக்கு: எதிராளி டச் மூவை மீறினார்னு சொல்ற உரிமை, நான் நகர்த்தற எண்ணத்தோட ஒரு காயைத் தொட்ட நொடியிலயே முடிஞ்சு போகும். ரேபிட்லயும் பிளிட்ஸ்லயும், ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஆர்பிட்டர் நிக்க முடியாத போட்டிகள்ல, தப்பு மூவுக்கும் இதே கதைதான். நான் என் அடுத்த மூவை வெக்கறதுக்குள்ள கேக்கணும். நானும் கேக்கலை, ஆர்பிட்டரும் பார்க்கலைன்னா அந்தத் தப்பு மூவ் அப்படியே நிலைச்சிரும்.

முதல்ல கேக்கறப்ப அநியாயம் மாதிரிதான் இருக்கும். தப்பு தப்புதானே, அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொன்னா என்ன? நல்லா யோசிச்சா ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு சாட்சி. அப்பவே கேட்டா ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும், கை அந்தக் காய் மேலயே இருக்கும். மூணு மூவ் கழிச்சு அவர் "நான் தொடவே இல்லை"ன்னா ஆர்பிட்டர் என்ன பண்ணுவார்?

ரெண்டாவதுதான் முக்கியம். எப்ப வேணா கேக்கலாம்னா நான் அந்தப் புகாரைப் பாக்கெட்ல வெச்சுக்குவேன். ஜெயிச்சா வெளிய எடுக்க மாட்டேன், தோக்கற மாதிரி இருந்தா எடுப்பேன். அவருக்கு மட்டும் ஆட்டம் முடியற வரைக்கும் தலைக்கு மேல கத்தி. நேர்மையா சொல்றதுன்னா நான் பண்ணினதே அதுதான். யானை கிடைச்சிருக்கும்னு தெரிஞ்ச பின்னாடிதானே எனக்கு நியாயம் ஞாபகம் வந்துச்சு? என் புகாரைத் தள்ளினது சரிதான்.

உலக அளவுலயே இப்படி ஒண்ணு நடந்திருக்கு. 2017 டிசம்பர், ரியாத், உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப். மேக்னஸ் கார்ல்சன் செக் வைக்கறார். எதிர்ல எர்னஸ்டோ இனார்கியேவ், 2016 ஐரோப்பிய சாம்பியன். அவர் தன் ராஜாவைக் காப்பாத்தாம, குதிரையால திருப்பி ஒரு செக் வெச்சுட்டார். சுத்தமான தப்பு மூவ். கார்ல்சன் புகார் பண்ணாம தன் ராஜாவை நகர்த்தினார். உடனே இனார்கியேவ் கிளாக்கை நிறுத்திட்டு, கார்ல்சன் ஆடினதுதான் தப்பு மூவ், எனக்கே வெற்றின்னு சொன்னார்! முதல்ல வந்த ஆர்பிட்டர் அவருக்கே வெற்றின்னும் குடுத்துட்டார். அப்புறம் தலைமை ஆர்பிட்டர் அதை மாத்தி, இருக்கற நிலையிலிருந்தே தொடர்ந்து ஆடுங்கன்னார். இனார்கியேவ் ஆட மாட்டேன்னார், வெற்றி கார்ல்சனுக்குப் போச்சு. அப்பீலும் தள்ளுபடி. அந்த நொடியில கேக்காம விட்ட தப்பு, ஆட்டத்தோட ஒரு பகுதி ஆயிருச்சு. அதைத் திரும்பத் தோண்டி லாபம் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை, தப்பு பண்ணினவருக்கு சுத்தமா இல்லை.

இதுக்கு ஃபிடே புத்தகம் கூட வேண்டாம். எங்க தெருவுல கேரம் ஆடறப்ப இதே சட்டம்தான். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்ல விழுந்தா ஒரு காயை வெளிய எடுத்து வெக்கணும். வெக்காம நைஸா விட்டுட்டா, எதிர் ஆள் தன் அடியை அடிக்கறதுக்குள்ள "ஃபைன் வைடா"ன்னு கத்தணும். அடிச்சுட்டுக் கேட்டா "போச்சு போ"தான். எட்டு வயசுப் பையனுக்கும் இது தெரியும். அங்க யாரும் கத்தினவனை சின்னப்புத்திக்காரன்னு சொன்னதில்லை. ஃபைன் வெக்காதவனைத்தான் கள்ளாட்டம் ஆடறான்னு சொல்லுவோம். கோப்பை, சர்டிபிகேட், மைக்குன்னு வந்ததும் எப்படி இது தலைகீழா மாறுச்சுன்னுதான் புரியலை.

அப்படின்னா எது தப்பு?

சட்டம் சொல்லுது: இப்பவே கேளு, இல்லாட்டி போச்சு. ஹால்ல இருக்கறவங்க சொல்றாங்க: கேக்கறவன் அற்பன். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. கூச்சம் இல்லாதவன் கேட்டு வாங்கிக்குவான். கூச்சப்படறவன் ஒவ்வொரு தடவையும் இழப்பான். தப்பு பண்றவனுக்கோ ஒரு நஷ்டமும் இல்லை, அவன் சார்பா ஊரே பேசும். ஒரு நல்ல சட்டத்தை ஒரு எழுத்து கூட மாத்தாம கெடுக்கணும்னா இதை விட நல்ல வழி கிடையாது.

1994, ஸ்பெயின்ல லினாரஸ் போட்டி. ஜூடிட் போல்கருக்கு அப்ப 17 வயசு. எதிர்ல கேரி காஸ்பரோவ். காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்துல வெச்சுக் கையை எடுத்தார், உடனே மனசு மாறி வேற கட்டத்துல வெச்சார். கையை விட்ட காயை மாத்தக் கூடாது. கால் விநாடி விரல் காயை விட்டு விலகி இருந்தது வீடியோவுல பதிவாயிருக்கு. ஆனா போல்கர் அந்த இடத்துல புகார் பண்ணலை. காஸ்பரோவ் ஜெயிச்சார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க, அங்க போய் ஒரு பிரச்சினையைக் கிளப்ப விரும்பலைன்னு போல்கர் பின்னாடி சொன்னாங்க. புகார் எடுபடலைன்னா கிளாக்குல தனக்கே தண்டனை வருமோங்கற பயமும் இருந்துச்சாம்.

உலகத்தோட தலைசிறந்த ஆட்டக்காரிகள்ல ஒருத்தருக்கே இந்த நிலைமைன்னா, முதல் போட்டிக்கு வந்திருக்கற பொள்ளாச்சிப் பையனுக்கும் கோபிப் பொண்ணுக்கும் என்ன கதின்னு நினைக்கறீங்க? "விட்டுக்குடுத்துட்டுப் போ"ங்கற அறிவுரை எப்பவும் மேல இருந்து கீழதான் ஓடும். சீனியர் கிட்ட ஜூனியர் விட்டுக்குடுக்கணும். பையன் கிட்ட பொண்ணு விட்டுக்குடுக்கணும். பெரிய காலேஜ் கிட்ட சின்ன காலேஜ் விட்டுக்குடுக்கணும். காஸ்பரோவைப் பார்த்து யாராவது "பெருந்தன்மையா அந்தக் குதிரையை முதல் கட்டத்துலயே வெச்சிருங்க"ன்னு சொன்னாங்களா? பெருந்தன்மை காட்ட வேண்டிய முதல் ஆள் தப்பு பண்ணினவர். என் எதிர்ல இருந்த அண்ணா "சாரிங்க தம்பி"ன்னு சிரிக்கறதுக்குப் பதிலா அந்த பிஷப்பையே நகர்த்தியிருந்தா, அதுதான் பெருந்தன்மை.

பெருந்தன்மை யாரோட சொத்து?

எங்களுக்கு பிசினஸ் லா பேப்பர்ல 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் உண்டு. அதுல 63-வது பிரிவு: வாக்கு வாங்கினவர் விரும்பினா அதை முழுசாவோ பாதியாவோ தள்ளுபடி பண்ணலாம். கவனிங்க, வாங்கினவர் விரும்பினா. கடன் வாங்கினவன் வந்து "நீங்க பெரிய மனுஷன், தள்ளுபடி பண்ணியே ஆகணும்"னு சட்டையைப் பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரனும் சொல்ல முடியாது. தள்ளுபடிங்கறது குடுக்கறவனோட சொத்து. கேட்டு வாங்கினா அது தள்ளுபடி இல்லை, வசூல்.

செஸ்லயும் நிஜமான பெருந்தன்மைக்கு நிறைய இடம் இருக்கு. எதிராளி மூவ் வெச்சுட்டு கிளாக்கை அமுக்க மறந்துட்டார்னு வைங்க. அவர் நேரம் ஓடிட்டு இருக்கு. "உங்க கிளாக்"ன்னு சொல்லணும்னு எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தலை. நான் சொல்லுவேன். ஒரு ஆட்டத்துல ஒரு தடவை சொல்லுவேன், ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். அது என் பழக்கம். சொல்லாம உக்காந்திருக்கறவரை நான் திட்ட மாட்டேன். தன் கிளாக்கைப் பார்த்துக்கறது அவங்கவங்க வேலை.

சீட்டு மாதிரி கார்டுகளை வெச்சு ஆடற மேஜிக் தி கேதரிங் விளையாட்டுல இந்த விஷயத்தை இன்னும் நுணுக்கமா பிரிச்சிருக்காங்க. சில கார்டுகள் குறிப்பிட்ட நேரம் வந்தா தானா ஒரு விளைவைத் தரும், அதை ஆடறவங்க ஞாபகமா சொல்லணும். எதிராளி மறந்துட்டா நான் ஞாபகப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனா என் கார்டு எனக்கே நஷ்டம் தர்றப்ப நான் தெரிஞ்சே மறந்த மாதிரி நடிச்சா அது மோசடி, போட்டியை விட்டே வெளியேத்துவாங்க. அடுத்தவர் ஞாபகத்துக்கு நான் பொறுப்பில்லை, என் நேர்மைக்கு நான்தான் பொறுப்பு. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதுதான் நம்ம வியாதி.

இது வெறும் விளையாட்டு, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்கலாம். எங்க அப்பா கணபதியில ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். மோட்டார் பம்புக்கு ஜாப் ஒர்க். ஒரு கம்பெனி பில்லுக்குப் பணம் தர ஆறு மாசம் ஆக்குது. 2006 சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைக்கு மேல இழுக்கக் கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி. பரீட்சைக்குப் படிச்சப்ப அப்பாகிட்ட சொன்னேன். "கேட்டா அடுத்த ஆர்டர் வராது கண்ணு, விடு"ன்னார். இன்னொரு பக்கம் 1963 காலவரையறைச் சட்டம் இருக்கு, குடுத்த கடனுக்குப் பொதுவா மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடலைன்னா கதவு சாத்திரும். கேக்காட்டி போச்சு. கேட்டா கெட்ட பேர். அப்பா முகத்துல அன்னைக்குப் பார்த்ததுதான் அந்த நாலாவது போர்டுல எனக்குள்ள இருந்தது. கேக்கக் கூடாதுங்கறதை நாங்க பதினஞ்சு ரூபா பிளாஸ்டிக் காயை வெச்சே பழகிக்கறோம்.

"எதுக்கெடுத்தாலும் கையைத் தூக்குவாங்களே?"

இதுக்கும் விதியிலயே பதில் இருக்கு. ஆர்பிட்டரைக் கூப்பிடறதுக்காகக் கிளாக்கை நிறுத்தற உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு, அதனால கேக்கறதுக்கு நேரம் செலவாகாது. அதே சமயம் காரணமில்லாம நிறுத்தினா தண்டனையும் உண்டு. நியாயமில்லாத புகார்களைத் திரும்பத் திரும்பக் கிளப்பறது எதிராளியைத் தொந்தரவு பண்றதாத்தான் கணக்கு. நியாயமான புகாருக்கும் நச்சரிப்புக்கும் நடுவுல கோடு ஏற்கெனவே போட்டாச்சு. அந்தக் கோட்டை ஆர்பிட்டர் பார்த்துக்குவார், சாப்பாட்டு வரிசை பார்க்க வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்கறவங்க எதையாவது கவனிச்சா ஆர்பிட்டர்கிட்ட மட்டும் சொல்லலாம், அவ்வளவுதான் அவங்க பங்கு.

"நம்ம ஊர் மரியாதை"ன்னு ஒண்ணு சொல்லுவாங்க. கொங்கு மண்ணுல பொறந்து வளர்ந்தவன்தான் நானும், மரியாதை எனக்கும் தெரியும். நம்ம மரியாதை பேச்சுல இருக்கு, சொத்தை இழக்கறதுல இல்லை. "ஏனுங்க, பிஷப்பைத் தொட்டீங்க, அதைத்தானுங்க நகர்த்தோணும்." இதுல எங்க மரியாதைக் குறைவு? ரெண்டு "ங்க" போட்டாச்சு, உரிமையையும் விடலை. பதிலுக்கு அவர் "அட ஆமாங்க"ன்னு பிஷப்பை நகர்த்திட்டா சோலி முடிஞ்சுது.

நம்ம ஈரோட்டு இனியன் 2019-ல இந்தியாவோட 61-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-ல ஒலிம்பியாடே மாமல்லபுரத்துக்கு வந்துச்சு. நம்ம பக்கத்துப் பசங்களும் நாளைக்கு வெளியூர், வெளிநாடு போய் ஆடுவாங்க. அங்க யாரும் முதுகுல தட்டி "பெருந்தன்மை"ன்னு சொல்ல மாட்டாங்க. கேட்டா கிடைக்கும், கேக்காட்டி போச்சு, அவ்வளவுதான். இங்கயே கேட்டுப் பழகறது நல்லது.

போட்டி நடத்தறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் ரவுண்டுக்கு முன்னாடி செல்போனை ஆஃப் பண்ணுங்கன்னு மைக்ல சொல்றீங்க. கூடவே இதையும் சொல்லிருங்க: "சந்தேகம் இருந்தா அடுத்த காயைத் தொடறதுக்கு முன்னாடி கிளாக்கை நிறுத்திட்டுக் கையைத் தூக்குங்க. அது உங்க உரிமை, தப்பில்லை." பெரியவங்க மைக்ல சொல்லிட்டா பாதிக் கூச்சம் அங்கயே போயிரும்.

அந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு இதைப் படிக்குமான்னு தெரியலை. படிச்சா: நீ பண்ணினது சரிம்மா. உனக்குக் கிடைச்ச ரெண்டு நிமிஷம் யாரும் போட்ட பிச்சை இல்லை. சாப்பாட்டு வரிசையில அன்னைக்கு நானும்தான் நின்னேன், காதுல விழுந்தும் வாயைத் திறக்கலை. அந்த இடத்துலயும் நான் கையைத் தூக்கியிருக்கணும்.

டிஸ்கி: எதிர்ல ஆடின எம்.பி.ஏ. அண்ணா மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அடுத்த போட்டியில பார்க்கலாமுங்க. பிஷப்பை மட்டும் பார்த்துத் தொடுங்க :-)